புயலுக்குள் எதை அனுப்புவது? மட்டக்களப்புக் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கரையில் பேச்சு முழுவதும் காற்றைப் பற்றித்தான். கச்சான் அடங்கி வாடை பிடிக்கும் அந்த இடைவெளியில், வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் என்று வானொலி சொன்னால் போதும், வள்ளங்களை மேட்டுக்கு இழுக்கிற வேலை தொடங்கிவிடும். இந்த முறை அந்தப் பேச்சோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒரு தொகை சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். புயலை முன்கூட்டியே அறிய ஏதாவது செய்யுங்கள், எது நல்லதென்று நீங்களே முடிவெடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மீனவர் சங்கக் கட்டடத்தில் கூடினோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி எழுந்து, “சேர், வானிலை பலூன் விடுவோம். புயல் நேரத்தில மேல என்ன நடக்குதெண்டு நாங்களே பார்க்கலாம்” என்றான். இன்னொருவர் ட்ரோன் என்றார். காத்தான்குடியிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர், சின்னதாக ஒரு ராடர் வாங்க முடியாதா என்று கேட்டார். கடைசி வாங்கில் இருந்த பெரியவர், ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர், அந்தத் தம்பியைப் பார்த்து, “மனே, பலூன் மழைக்குள்ள நிக்குமா? காத்து அதக் கிழிச்சுப் போடாதா?” என்று மட்டும் கேட்டார்.

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் தாருங்கள் என்றேன். அந்த வாரம் யோசித்ததையும், அடுத்த கூட்டத்தில் சொன்னதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், புயலைப் பற்றி எங்கள் ஆட்கள் கேட்பது ஒரே கேள்வி இல்லை. ஆழ்கடலுக்குப் போகிறவருக்கு இரண்டு நாளுக்கு முன்பே தெரிய வேண்டும். புயல் எங்கே கரையேறும்? திருகோணமலைக்கா, எங்களுக்கா, நாகபட்டினத்துக்கா? படகு திரும்பி வரவே ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். நகரத்தில் இருக்கிறவருக்கு அடுத்த மூன்று மணித்தியாலத்தில் எவ்வளவு மழை கொட்டும் என்பது தெரிய வேண்டும். வவுணதீவிலும் மண்டூரிலும் வெள்ளாமை செய்கிறவர்களுக்கும், வாவியோரம் குடியிருக்கிறவர்களுக்கும் தேவை வேறு. விழுந்த மழை எப்போது எங்கள் வாசலுக்கு வரும், உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு எப்போது திறக்கும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் ஒரே கருவி பதில் சொல்லாது. ஒன்றுக்கான கருவியை வாங்கிவைத்துக்கொண்டு மற்றதற்குப் பதில் எதிர்பார்த்தால், பணத்தோடு உயிரும் போகும்.

பலூனிலிருந்து தொடங்குகிறேன். ஆட்களிடம் ஆசையும் தவறான எண்ணமும் அதிகம் இருப்பது அதைப் பற்றித்தான்.

இயற்கை இறப்பரால் செய்த வெள்ளைப் பலூன், நிரப்பியதும் தரையில் ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் அகலம் இருக்கும். அதன் கீழே ஒரு சின்னப் பரசூட். அதற்குக் கீழே முப்பது மீற்றர் அளவு நூல். நூலின் நுனியில் சுமார் 100 கிராம் எடையில் ஒரு பெட்டி. அதன் பெயர் ரேடியோசோண்ட். வெப்பநிலை, ஈரப்பதன், அமுக்கம் மூன்றையும் அது அளக்கும். காற்றின் வேகத்தையும் திசையையும் அறியத் தனிக் கருவி இல்லை. பெட்டி எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக அள்ளிச் செல்லப்படுகிறது என்பதை ஜிபிஎஸ் மூலம் பார்த்தாலே போதும். இதெல்லாம் 400 முதல் 406 மெகாஹேர்ட்ஸ் வரையான வானொலி அலையில், ஏறத்தாழ ஒவ்வொரு வினாடியும் தரைக்கு வந்துகொண்டிருக்கும். விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் பலூன் ஏறும். மேலே போகப் போக வெளியமுக்கம் குறைவதால் அது ஊதிப் பெருத்து, 25 முதல் 35 கிலோமீற்றர் உயரத்தில் வெடிக்கும். பெட்டி பரசூட்டில் கீழே வரும்.

1929இல் பிரான்சில் ரொபேர் பூரோவும் 1930இல் ரஷ்யாவில் பாவெல் மோல்சானோவும் முதன்முதலில் இப்படி வானொலிப் பெட்டியைப் பலூனில் கட்டி அனுப்பினார்கள். நூறு வருடம் ஆகப்போகிறது. அடிப்படை முறை மாறவில்லை. உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான நிலையங்களில் கிரீன்விச் நேரம் நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும், அதாவது எங்கள் நேரம் காலை 5.30க்கும் மாலை 5.30க்கும் ஒட்டி, பலூன்கள் மேலே போகின்றன. நேரத்தை ஒன்றாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கணினியில் ஓடும் வானிலை மாதிரிகளுக்குத் தொடக்கத்தில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பூமி முழுவதும் காற்று எப்படி இருந்தது என்கிற ஒரு படம் வேண்டும். தொடக்கப் படம் பிழைத்தால் மூன்றாம் நாள் முன்னறிவிப்பு முழுதும் பிழைக்கும்.

சரி, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். மழைக்குள் நிற்குமா? நிற்கும், ஆனால் சிரமப்பட்டுத்தான். பலூனுக்கு மிகப் பெரிய ஆபத்து வானத்தில் இல்லை, முதல் முப்பது மீற்றரில்தான். தரையில் பலத்த காற்று வீசும்போது, விட்ட உடனே பலூன் பக்கவாட்டில் இழுபட்டுப் பெட்டி மதிலிலோ தென்னையிலோ அடிபடும். அதனால் காற்றுக்கு மறைவான பக்கம் கதவு வைத்த கொட்டகைக்குள் நிரப்புவார்கள். நூலை முதலில் உருளையில் சுற்றிவைத்து, மேலே போன பிறகே அது மெல்ல மெல்ல அவிழும்படி விடுவார்கள். பெருங்காற்றில் வாயுவைக் கொஞ்சம் கூடுதலாக அடைத்து வேகமாக ஏறச் செய்வதும் உண்டு.

மேலே போன பிறகு வேறு தொல்லைகள். பலூனின் மேல் மழைநீர் படிந்தால் எடை கூடி ஏற்றம் மந்தமாகும். எங்கள் பக்கத்தில் சுமார் 5 கிலோமீற்றர் உயரத்துக்கு மேலே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். அங்கே மேகத்துக்குள் பனி ஒட்டிக்கொள்ளும். இடிமேகத்தின் உள்ளே கீழ்நோக்கி இறங்கும் காற்றில் அகப்பட்டால் பலூன் சில நிமிடம் இறங்கிக்கூட வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாவியில் குளித்து ஈரச் சாரத்தோடு கரையில் நின்றால் வாடைக் காற்றில் உடம்பு சிலிர்க்கும் இல்லையா? நனைந்த உணரிக்கும் அதே கதிதான். மேகத்தைவிட்டு வெளியே வரும்போது ஈரம் ஆவியாகி, உண்மையில் இருப்பதைவிடக் குளிராகக் காட்டும். புதிய பெட்டிகளில் வெப்பநிலை உணரிக்கு நீர் ஒட்டாத பூச்சுப் பூசுவதால் இந்தப் பிழை பெரும்பாலும் குறைந்திருக்கிறது.

இவ்வளவு சிரமப்பட்டு அது கொண்டுவருவது என்ன? புயல் தன் காலால் நடப்பதில்லை. முகத்துவாரம் வெட்டியதும் கடலுக்கு ஓடும் வெள்ளத்தில் சுழி ஒன்று அள்ளுப்பட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சுழி சுற்றுவது ஒன்று, அது போகும் பாதை இன்னொன்று. பாதையை ஆற்றின் ஓட்டம்தான் முடிவுசெய்கிறது. அதுபோல, சூறாவளியைச் சுற்றி ஒன்றரை கிலோமீற்றரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரம் வரை வீசும் பெருங்காற்றுத்தான் அதை எங்கே கொண்டுபோவது என்று தீர்மானிக்கிறது. கீழ்க்காற்றும் மேல்காற்றும் ஒன்றுக்கொன்று மிகவும் முரணாக வீசினால் புயலின் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகி அது வலுவிழக்கும். அடுத்து ஈரம்: அடிமட்டத்திலிருந்து மேலே வரை காற்று எவ்வளவு தண்ணீரைச் சுமந்து நிற்கிறது என்பதில்தான் மழையின் அளவு இருக்கிறது. இந்த மூன்றையும் படிப்படியாக, உயரத்துக்கு உயரம் நேரடியாகத் தொட்டு அளப்பது பலூன். மற்றவை எல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக் கணக்கிடுபவை.

எங்கள் கரையில் இதற்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இலங்கையில் ரேடியோசோண்ட் விடும் நிலையம் கொழும்பில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர், நடுவே மலைநாடு. வடகீழ்ப் பருவத்தில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் எங்கள் மேல் ஏறி, மலையில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த பிறகுதான் மேற்குக் கரைக்குப் போகிறது. கொழும்புப் பலூன் அளப்பது அந்த மிச்சக் காற்றை. வடக்கே காரைக்காலிலும் சென்னையிலும் இந்தியா பலூன் விடுகிறது. கிழக்கே அடுத்தது அந்தமானின் போர்ட் பிளேயர். இடையில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வெறும் கடல். எங்கள் மேலே உள்ள காற்றை, புயல் எங்களைத் தொடுவதற்கு முன்னாலேயே, யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

ஆனால் பலூனின் குறையையும் மறைக்கக் கூடாது. அது போகிற இடம் காற்றின் இஷ்டம். நவம்பரில் கல்லடியில் விட்டால், கீழ்மட்ட வாடைக் காற்று அதை உன்னிச்சை, மகாஓயாப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். கடலில் 200 கிலோமீற்றர் தூரத்தில் சுழன்றுகொண்டிருக்கும் புயலின் வயிற்றுக்குள் அது போகாது. புயலைச் சூழ்ந்த காற்றை அளக்கும், புயலின் கண்ணை அல்ல. “புயலுக்குள் பலூன் விடுவோம்” என்று சொன்ன தம்பிக்கு இதை விளக்கியபோது அவன் முகம் வாடிப்போனது. அவனுடைய ஆசையில் பிழையில்லை.

கண்ணுக்குள்ளேயே அளக்க வேண்டுமென்றால் விமானம் வேண்டும். 1943 ஜூலையில் ஜோசப் டக்வேர்த் என்ற அமெரிக்க விமானி ஒற்றை எஞ்சின் விமானத்தை டெக்சாஸ் கரையில் ஒரு சூறாவளிக்குள் வேண்டுமென்றே ஓட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து வளர்ந்த வழக்கப்படி, அமெரிக்காவில் புயல் வேட்டை விமானங்கள் மேலிருந்து டிராப்சோண்ட் என்ற குழாய்களைப் போடுகின்றன. பலூன் பெட்டியின் அதே உணரிகள்தான், தலைகீழாக: ஏறுவதற்குப் பதில் பரசூட்டில் இறங்கிக்கொண்டே அளக்கும். தாய்வானும் ஹொங்கொங்கும் தங்கள் புயல்களுக்கு இதைச் செய்கின்றன. வங்கக் கடலில் அப்படி ஒரு வழக்கமான ஏற்பாடு இல்லை. எங்கள் கடலின் புயல்கள்தான் உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்தவை என்பதை நினைக்கும்போது இது எனக்கு ஆறாத மனவருத்தம். ஆனால் இது நாடுகள் கூடிச் செய்ய வேண்டிய காரியம். எங்கள் சங்கத்தின் மேசைக்கு வரக்கூடியது அல்ல.

ட்ரோன்? சுருக்கமாக முடிக்கலாம். சந்தையில் கிடைக்கும் சாதாரண ட்ரோன்கள் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவு காற்றைத்தான் தாங்கும். ஒரு தாழமுக்கத்தைச் சூறாவளி என்று அழைக்கத் தொடங்குவதே மணிக்கு 63 கிலோமீற்றர் வேகத்தில். தேவைப்படும் நேரத்தில் பறக்காத கருவி அது. கட்டுப்படுத்தும் தூரமும் உயரமும் குறைவு, பறக்கவிட அனுமதியும் வேண்டும். 2021இல் அத்திலாந்திக்கில் சாம் என்ற சூறாவளிக்குள் ஆளில்லாத பாய்மரப் படகொன்று புகுந்து படமும் அளவும் அனுப்பியது. அதைப் பார்த்து நானும் வியந்தேன். அது விசேடமாகக் கட்டிய, பெரும் ஆராய்ச்சி நிறுவனங்களின் கருவி. வெள்ளம் வடிந்த பிறகு எந்த வீடு தண்ணீருக்குள் நிற்கிறது என்று தேட ட்ரோன் நல்லது. அந்த வேலைக்கு ஒன்று இருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

மலிவாக இன்னொரு வகைப் பலூனும் உண்டு. பெட்டி எதுவும் கட்டாமல் சின்னப் பலூனை விட்டு, கோணமளக்கும் தொலைநோக்கியால் அது போகும் பாதையைப் பார்த்துக் காற்றை மட்டும் கணக்கிடுவது. வானம் வெளித்த நாளில் நல்ல முறை. புயல் நாளில் முந்நூறு மீற்றரிலேயே மேகத்துக்குள் மறைந்துவிடும். ஆகவே இதை விட்டுவிடலாம்.

இனி ராடர். வியாபாரி காக்கா கேட்டது நியாயமான கேள்வி. அடுத்த மூன்று மணித்தியாலத்துக்கு ராடரை மிஞ்ச எதுவும் இல்லை. மழைத்துளியில் அலை பட்டுத் திரும்புவதைக் கொண்டு எங்கே எவ்வளவு மழை, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை காட்டும். டாப்ளர் வகையாக இருந்தால் துளிகளை அள்ளும் காற்றின் வேகமும் தெரியும். ஆனால் பூமி உருண்டை. ராடரின் கற்றை நேராகப் போகப் போகத் தரை கீழே வளைந்து விலகிவிடும். அரைப் பாகை சாய்வில் விட்ட கற்றை 100 கிலோமீற்றர் தூரத்தில் ஒன்றரை கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். 200 கிலோமீற்றரில் நான்கு கிலோமீற்றர். காரைக்கால் ராடர் இங்கிருந்து 400 கிலோமீற்றருக்கு அப்பால். அதன் கற்றை எங்களுக்கு மேலே வரும்போது 13 கிலோமீற்றருக்கு மேல் போய்விடும். இங்கே கீழே கொட்டும் மழை அதற்குத் தெரியாது. ஜப்பான் உதவியோடு புத்தளத்திலும் பொத்துவிலிலும் ராடர் வைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு 100 கிலோமீற்றருக்குள். அம்பாறையும் மட்டக்களப்பும் முழுவதும் அதன் நல்ல பார்வைக்குள் வரும். எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் விலை மில்லியன் டொலர்களில். பராமரிப்பு, மின்சாரம், படித்த ஆட்கள் எல்லாம் வேறு. கேட்க வேண்டிய விஷயம். வாங்கக்கூடிய விஷயம் அல்ல.

செய்மதி எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் ஏற்கெனவே இருக்கிறது. இந்தியாவின் இன்சாட் படங்கள் இலவசம். வெர்னன் டிவோராக் என்ற அமெரிக்க வானிலையாளர் 1970களில் மேகத்தின் வடிவத்தை வைத்தே சூறாவளியின் பலத்தை மதிப்பிடும் முறையை உருவாக்கினார். விமானம் போகாத எங்கள் கடலில் இன்றும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். ஜிபிஎஸ் சமிக்ஞை வளிமண்டலத்தில் வளைவதைக் கொண்டு வெப்பநிலையையும் ஈரத்தையும் கணக்கிடும் கொஸ்மிக்-2 செய்மதிகள் 2019 முதல் வெப்ப வலயத்துக்கு மேலே சுற்றுகின்றன. ஆனால் சாதாரணப் படத்தில் நாம் காண்பது மேகத்தின் கூரையை மட்டும். பெரிய வெள்ளைச் சுருளைப் பார்த்து பயப்பட்ட நாட்களில் தூறல்கூட விழாமல் போனதும் உண்டு. படத்தில் ஒன்றுமில்லை என்று இருந்த இரவில் முற்றம் நிறைந்ததும் உண்டு. மேகத்துக்குக் கீழே என்ன என்பதைச் சரிபார்க்கத் தரையிலிருந்து ஒரு அளவு தேவை. செய்மதி அளவுகளைச் சரிபார்க்கவும் பலூன் அளவுகளையே பயன்படுத்துகிறார்கள்.

இப்போது பணக் கணக்கு. பெட்டி, பலூன், வாயு எல்லாம் சேர ஒரு முறை விட 200 டொலர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு என்று வருடம் முழுவதும் விட்டால் 730 பலூன்; 146,000 டொலர். இதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆனால் எங்களுக்கு வருடம் முழுவதும் தேவையில்லை. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வங்கக் கடலில் தாழமுக்கம் உருவான நாட்களில் மட்டும், ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று விடலாம். ஒரு பருவத்துக்கு நான்கு தாழமுக்கம், ஒவ்வொன்றுக்கும் நான்கு நாள் என்றால் 64 பலூன், 12,800 டொலர். தரையில் வைக்கும் அன்டெனாவும் ஏற்பியும் தனிச் செலவு. அது ஒருமுறைச் செலவு. இன்னொரு சிக்கனமும் இருக்கிறது. புயலின் எல்லாச் செயலும் 17 கிலோமீற்றர் உயரத்துக்குள் முடிந்துவிடும். முப்பது கிலோமீற்றர் ஏறும் பெரிய பலூன் வேண்டியதில்லை; இருபது கிலோமீற்றர் ஏறும் சிறிய பலூனும் குறைந்த வாயுவும் போதும். ஒரு மணித்தியாலம் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

வாயு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஹீலியம் தீப்பிடிக்காது, ஆனால் சிலிண்டரில் இறக்குமதியாக வர வேண்டும். விலையும் ஏறிக்கொண்டே போகிறது. ஐதரசன் தண்ணீரிலிருந்து மின்சாரத்தால் இங்கேயே எடுக்கலாம், தூக்கும் சக்தியும் சற்றே கூட. ஆனால் காற்றில் 4 வீதம் கலந்தாலே பற்றும். வேலை பார்த்த காலத்தில் ஒரு பாடசாலைக் கண்காட்சியில் பிள்ளைகளோடு ஐதரசன் பலூன் கட்டினேன். பக்கத்து மேசையில் யாரோ ஊதுபத்தி கொளுத்தினார்கள். ஒரு பிள்ளையின் புருவம் கருகியதோடு தப்பினோம். அந்தப் பிள்ளை இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். அவளைக் காணும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தப் புருவத்துக்குத்தான் போகும். நைலோன் சட்டை உரசுகிற மின்பொறியே போதும் என்பார்கள். வருடத்துக்கு 64 பலூன் விடுகிற, இடியும் மின்னலும் உள்ள நாட்களில் விடுகிற நிலையத்துக்கு, கூடுதல் செலவானாலும் ஹீலியமே என்று நான் சொல்வேன்.

இனித்தான் கடினமான இடம். இதை எங்கள் சங்கமே வாங்கி விடலாமா? வேண்டாம் என்றேன். காரணம் பணம் மட்டும் இல்லை. பலூன் தரும் அளவு, விட்ட ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் உலக வானிலை வலையமைப்புக்குள் போய், பெரிய மாதிரிகளின் தொடக்கப் படத்தில் சேர வேண்டும். அப்போதுதான் இரண்டு நாளுக்குப் பிந்திய முன்னறிவிப்பு திருந்தும். எங்கள் மடிக்கணினியில் கிடந்தால் அது ஓர் அழகான வரைபடம், அவ்வளவுதான். அந்த வலையமைப்புக்குள் அனுப்பும் வழி வளிமண்டலவியல் திணைக்களத்திடம் இருக்கிறது. வானொலி அலைக்கு அனுமதி வேண்டும், விமானப் போக்குவரத்துக்கு அறிவிக்க வேண்டும். மட்டக்களப்பில் திணைக்களத்தின் நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கும் எழுந்து பலூன் விட ஆசைப்படும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நிலையம் திணைக்களத்துடையது, கை மாணவர்களுடையது, காலம் மூன்று மாதம். பலூனுக்கு நான் கண்ட சரியான வழி இது.

அப்படியானால் எங்கள் பணத்தை என்ன செய்வது? மூன்றாவது கேள்வி மிச்சம் இருந்தது, வாசலுக்கு வரும் வெள்ளம்.

எங்கள் கரையைச் சூறாவளி அடித்த 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு எனக்கு ஒன்பது வயது. தகரங்கள் பறந்த சத்தமும், விடிந்ததும் தலையில்லாமல் நின்ற தென்னைகளும்தான் ஞாபகம். 900க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று கொன்றது பெரும்பாலும் காற்றும் இடிந்த வீடுகளும். அதற்குப் பிறகு வந்த அழிவுகளை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பரில் தாழமுக்கம் கரையோரம் ஊர்ந்துகொண்டிருந்தபோது, மாவடிப்பள்ளியில் வெள்ளம் மூடிய வீதியைக் கடந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் போனார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது வெள்ளமும் மண்சரிவும். தாழமுக்கம் வருகிறது என்பது அந்த நாட்களில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்த வீதியில், இந்த மணித்தியாலத்தில், எவ்வளவு தண்ணீர் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அதை அறியப் பலூன் தேவையில்லை. மழைமானி வேண்டும், வெள்ளம் வீதியைக் கடக்கும் தாம்போதிகளில் அடிக்கணக்கு எழுதிய கம்பம் வேண்டும், இரண்டையும் பார்த்து உடனே சொல்லும் ஆட்கள் வேண்டும். உன்னிச்சையும் நவகிரியும் நிறைந்தால் மேலதிக நீர் எங்கள் வாவிக்குத்தான் வருகிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரவு 150 மில்லிமீற்றர் கொட்டியது என்று விடியும் முன்பே கிழக்கே எழுவான்கரைக்குத் தெரிந்தால், முகத்துவாரம் வெட்டும் பேச்சு அரை நாள் முந்தித் தொடங்கும். ஒரு மழைமானியின் விலை ஒரு பலூன் பெட்டியின் விலையில் சிறு பங்கு. அது வெடித்துக் கீழே விழுவதும் இல்லை.

அந்தத் தம்பி எழுந்து, “அப்ப பலூன் வேண்டாமா சேர்?” என்று கேட்டான். வேண்டும் தம்பி, நிச்சயமாக வேண்டும், அதற்கான கடிதத்தை நீதான் எழுத வேண்டும் என்றேன். 64 பலூன் கணக்கை அப்படியே எழுதி, திணைக்களத்துக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்புவதென்று தீர்மானித்தோம். பொத்துவில் ராடரைப் பற்றியும் ஒரு பந்தி சேர்த்தோம். வந்த பணம் மழைமானிகளுக்கும் கம்பங்களுக்கும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை என்று இடம் பிரித்தாயிற்று. மழை விடாமல் பெய்யும் நாட்களில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மற்ற நாட்களில் நாடு முழுவதும் அளக்கும் அதே காலை 8.30க்கு.

முதலாவதைப் பெரியவரின் வளவில், மரநிழலும் கூரைத் தண்ணீரும் படாத இடம் பார்த்து நட்டோம். அவருடைய பேத்தி பத்தாம் வகுப்பு. அவள்தான் அளந்து கொப்பியில் எழுதுகிறாள். நேற்றுக் காலை 23 மில்லிமீற்றர்.